இரண்டு புள்ளிக்கு இடப்பக்கம்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார் என்பதற்காக அல்ல. 'எதுக்கு எழுதினீங்க? எதுல எழுதினீங்க? அது இப்ப யார் கைல இருக்கு?' என்று மூன்று கேள்வி கேட்பார். மூன்றாவதற்கு என்னிடம் பதில் இருக்காது.

தொண்ணூறுகளின் பின்பாதியில், எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் வேலை பார்த்த கம்பெனியில் அவர்தான் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். இரண்டு மாடிகளில் அறுபது யூனிக்ஸ் இயந்திரங்கள். அறுபதுக்கும் அவரே பெயர் வைத்திருந்தார், எல்லாம் மரங்களின் பெயர்கள். என் மேசையில் இருந்தது புங்கை. அவருக்கும் என் வயதுதான், முப்பதை ஒட்டி. மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம், தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் ஸ்க்ரூடிரைவர், டார்ச் லைட், தடித்த கறுப்பு ஸ்கெட்ச் பேனா. பட்டப்பகலிலும் அந்த டார்ச் இல்லாமல் இருக்கையை விட்டு எழ மாட்டார். மூன்று தலைமுறையாக அல்சூர்க் குடும்பம். தமிழ் பேசும்போது, மரியாதைக்குச் சேர்க்கிற கன்னட 'ரீ' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

நான் சேர்ந்த முதல் வாரமே அவரைக் கூப்பிட வேண்டி வந்தது.

"என் ஃபைல் திறக்கவே மாட்டேங்குது மேடம். இந்த மெஷின்ல ஏதோ கோளாறு."

"ஃபைல் எந்த மெஷின்ல இருக்கு?"

"இதுலதான். இதோ தெரியுதே."

"தெரியுது. இருக்கா?"

எனக்குப் புரியவில்லை. அவர் என் விசைப்பலகையை இழுத்து இரண்டே எழுத்து அடித்தார். திரையில் ஒரு வரி வந்தது. அதன் நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகள்.

"இந்த ரெண்டு புள்ளி இருக்கில்ல? அதுக்கு இடப்பக்கம் பாருங்க ரீ. என்ன பேரு போட்டிருக்கு?"

"வேம்பு."

"அப்ப உங்க ஃபைல் வேம்புல இருக்கு. சும்மா புங்கை மேல கோவிச்சுக்கிட்டு என்ன பண்றது?"

விஷயம் இவ்வளவுதான். எங்கள் அலுவலகத்தில் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் அதே கோப்புகள், அதே பாதையில், நம் முன்னால் இருப்பதுபோலவே தெரியும். உண்மையில் அவை வேறு மாடியில், வேறொரு இயந்திரத்தின் ஹார்ட் டிஸ்க் தட்டில் இருக்கும். கம்பி வழியாக இங்கே கொண்டுவந்து பொருத்தியிருப்பார்கள். அதற்கு மவுண்ட் என்று பெயர். பார்க்கிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பெருமை. அந்தப் பெருமையை அவர் ஒருவர்தான் சந்தேகத்தோடு பார்த்தார்.

வரியைக் காட்டியதோடு விடவில்லை. என்னைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போய், வேம்பின் மேல்மூடியில் உள்ளங்கையை வைத்து, "இங்க இருக்கு. தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது. தட்டு கெட்டுக்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள் மாற்றிவிட்டார்.

இன்னொரு முறை, நாற்பது பேருடைய மின்னஞ்சல் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனார். அவருக்கு முன்னால் இருந்தவர் அதை எங்கேயும் குறித்துவைக்கவில்லை. தேடிக்கொண்டே போனது வரவேற்பறையில் முடிந்தது. மேசைக்கு அடியில் கிடந்த ஒரு பழைய பெட்டியில்தான் அத்தனையும் இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் ஒன்றரை வருடமாக அதன்மேல் கால் வைத்துக்கொண்டிருந்தாள். "டிசம்பர்ல கதகதன்னு இருக்கும் மேடம்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மண்டிபோட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பெட்டியின் பக்கவாட்டில் 'இலவம்' என்று எழுதினார்.

இந்தக் குணம் இயந்திரத்தோடு நின்றிருந்தால் அவருக்கு நண்பர்கள் இருந்திருப்பார்கள். சாப்பாட்டு மேசையில் ஒருவர், "எங்க அப்பாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கோம், இப்ப பரவாயில்லையாம்" என்று சொன்னார். "எந்த மாடி? எந்த பெட்? பரவாயில்லன்னு யார் சொன்னது? நீங்க போய்ப் பாத்தீங்களா?" என்று இவர் கேட்டார். சொன்னவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மெல்ல மெல்ல அவர் உட்காரும் மேசை காலியானது. நான் மட்டும் உட்காருவேன். எனக்கும் சில நாள் உள்ளுக்குள் கூசும். அவர் நம் கண்ணைப் பார்த்துக் கேட்கும்போது, நாம் சொன்னது பொய்யோ என்று நமக்கே தோன்றிவிடும்.

காரணத்தை ஒரே ஒருமுறை சொன்னார். கம்பெனி பஸ்ஸில் வரும்போது, நானாகக் கேட்காமலே.

"தொண்ணூத்தொண்ணு கடைசில தண்ணிக்காகக் கலாட்டா நடந்துச்சில்ல. தமிழ்க்காரங்க வீடா தேடி அடிக்கிறாங்கன்னு சொன்னாங்க. என் தம்பி காலேஜ் போயிருந்தான், வீட்டுக்கு வரல. ஒக்கலிபுரத்துல மாமா வீட்ல இருப்பான்னு அப்பா சொல்லிட்டாரு. மாமா வீட்ல, அவன் அல்சூர்ல எங்க வீட்ல இருப்பான்னு நெனச்சிக்கிட்டு இருந்தாங்க. போன் கெடையாது. மூணு நாள். ரெண்டு வீட்லயும் எல்லாரும் ஒழுங்கா சாப்ட்டோம், தூங்கினோம்."

"அப்புறம்?"

"ஒசூர்ல ஒரு லாரி ஷெட்ல இருந்தான். கை ஒடஞ்சிருந்துச்சு. யாரு ஒடச்சாங்கன்னு சொல்லல. அதுக்கப்புறம் அவன் தமிழ் பேசறதில்ல. வீட்லகூட கன்னடம்தான். அம்மா தமிழ்ல கேப்பாங்க, அவன் கன்னடத்துல பதில் சொல்லுவான்."

சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

அந்தச் சமயம் எங்கள் கம்பெனி வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக ஒரு மருத்துவக் கருவிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தது. நோயாளியின் ரத்தத்தில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற பம்பு. நிரலைச் சோதிக்கும் வேலை எனக்கு. சோதனைக்கூடத்தில் இருந்த இலுப்பை என்கிற இயந்திரத்தில் ஒரு வாரம் விடாமல் சோதனை ஓட்டினேன். நூற்றுக்கணக்கான ஓட்டங்களில் மூன்று தப்பாயின. மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும், பாதி கொடுத்த மருந்தை மறந்துவிட்டு, பம்பு முதலிலிருந்து மறுபடி முழு அளவையும் கொடுத்தது. மூன்றே தடவை. ஆனால் அந்த இடத்தில் ஓர் ஆள் படுத்திருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை டைரக்டரிடம் சொன்னேன். எங்கள் பிரிவுக்கே தலைவர் அவர். "நல்லா கண்டுபிடிச்சீங்க. திங்கக்கிழமை பாக்கலாம்" என்று தோளில் தட்டினார்.

திங்கட்கிழமை காலை முடிவுகளைத் திறந்தேன். எல்லாம் சரி என்றது. அந்த மூன்று ஓட்டங்களும் சரி. மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தேன். டைரக்டரிடம் ஓடினேன்.

"வெள்ளிக்கிழமை நீங்க பழைய வெர்ஷன ஓட்டியிருப்பீங்க," என்றார் அவர், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "விடுங்க. புதன்கிழமை கஸ்டமர் வர்றாங்க. உங்க பாஸ்போர்ட் விசாவுக்குப் போயிருக்கு, ஞாபகம் இருக்கா? அடுத்த மாசம் நீங்க அங்க இருக்கணும்."

திரும்பி வரும்போது எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பழைய நிரல் இன்னும் அந்த இயந்திரத்தில் இருக்கிறதா என்று கேட்கத்தான் மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் வந்து நின்றதும் கேட்டது வேறு.

"ரிசல்ட் எங்க இருக்கு?"

"இதுலதான் மேடம். இலுப்பையோட சொந்த டிஸ்க். வேற எங்கயும் இல்ல. நான்தான் அப்படி வேணும்னு கேட்டு வாங்கினேன்."

அவர் அந்த இரண்டு எழுத்தை அடித்தார். சொந்தத் தட்டாக இருந்தால் வரியில் இரண்டு புள்ளியே வரக் கூடாது. வந்தது. அதற்கு இடப்பக்கம் ஒரு பெயர் இருந்தது: அரளி.

அவர் திரையில் அந்தப் பெயர்மேல் விரலை வைத்தார்.

"இந்தப் பேரு நான் வெக்கல" என்றார்.

"மறந்திருப்பீங்க."

"அறுபது பேரும் எனக்குத் தெரியும். வெஷச் செடி பேர நான் எதுக்கும் வெக்க மாட்டேன் ரீ."

இயந்திரங்களின் பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்த்தார். கடைசி வரியில் அரளி இருந்தது. சனிக்கிழமை சேர்த்திருந்தார்கள். சனிக்கிழமை அவருக்கும் எனக்கும் விடுமுறை. அவர் அந்த அரளிக்கு விநாடிக்கு ஒன்றாகச் சின்னச் செய்திகள் போகும்படி வைத்துவிட்டு, கம்பிகள் வந்து சேரும் அலமாரிக்கு என்னைக் கூட்டிப் போனார். வரிசையாகப் பச்சை விளக்குகள் தாறுமாறாக மின்னின. ஒன்று மட்டும் நாடித்துடிப்பு மாதிரி ஒரே சீராக மின்னியது. அந்தக் கம்பியைப் பிடித்தார். கம்பி மேலே ஏறிப் பொய்க்கூரைக்குள் போனது. நாற்காலி போட்டு ஏறி, அட்டையைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு அறையாக நகர்ந்தார். சக ஊழியர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

கம்பி இறங்கிய இடம் பேட்டரிகள் வைக்கிற யூபிஎஸ் அறை. உள்ளே அமில நாற்றம். இரண்டு வரிசை பேட்டரிகளுக்கு நடுவில், திரையும் விசைப்பலகையும் இல்லாமல், ஒரு இயந்திரம் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து அதன் மூடியில் உள்ளங்கையை வைத்தார். நானும் தொட்டுப் பார்த்தேன். எழுதுவதற்குப் பேனாவை எடுக்கவில்லை.

திரும்ப வந்து உட்கார்ந்ததும் என்னிடம் சொன்னார். "டைரக்டரின்னா ஃபைல் வெக்கிற எடம். ஒண்ணு மேல இன்னொண்ண மவுண்ட் பண்ணினா, அடில இருக்கறது அழியாது. மூடிக்கும், அவ்ளோதான். மேல இருக்கறத எடுத்துட்டுப் பாக்கலாம்."

எடுக்கப் பார்த்தார். இயந்திரம் மறுத்தது. யாரோ உள்ளே இருக்கிறார்கள், எடுக்க முடியாது என்றது. யார் என்று அதையே கேட்டார். பதிலாக என் பெயர் வந்தது.

"பயப்படாதீங்க. உங்க இன்னொரு விண்டோ அங்கதான் நிக்குது. வெளிய வாங்க."

வெளியே வந்தேன். மேலிருந்தது கழன்றது. அடியில் என் பழைய முடிவுகள் இருந்தன. மூன்று ஓட்டங்களும் தோல்வி என்றன. வெள்ளிக்கிழமைத் தேதி. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது, என் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்கிற நிம்மதியில்.

அவர் மறுபடி பழையபடி மூடிவிட்டு, மேலிருந்த பொய்க் கோப்புகளின் விவரத்தைக் காட்டினார். "நிம்மதியா இருக்காதீங்க. இத எழுதினது யாருன்னு போட்டிருக்கு பாருங்க."

அங்கும் என் பெயர்தான் இருந்தது.

"இத செய்யணும்னா எல்லா மெஷினையும் தொறக்கற ரூட் பாஸ்வேர்ட் வேணும். அது எங்கிட்ட இருக்கு. டைரக்டர்கிட்ட ஒரு கவர்ல இருக்கு. வேற யார்கிட்டயும் இல்ல. புதன்கிழமை வர்றவங்க இதத்தான் பாப்பாங்க. அவங்க போனதும் எடுத்துடுவாரு. யாருக்கும் தெரியாது. நாளைக்கு வெளிய தெரிஞ்சா, செஞ்சது நீங்க."

உண்மையான முடிவுகளை ஒரு டேப்பில் எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். "நான் போய்க் கேக்கறேன். உங்க பேரச் சொல்லல" என்று டைரக்டர் அறைக்குள் போனார். பத்து நிமிடம் கழித்து வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை அவருடைய பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை. யூபிஎஸ் அறையில் பேட்டரிகளுக்கு நடுவே தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது. பத்து மணிக்கு எங்கள் இருவரையும் டைரக்டர் கூப்பிட்டார். பக்கத்தில், ஆட்களைச் சேர்க்கிற, நீக்குகிற பர்சனல் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் என் பாஸ்போர்ட் இருந்தது. விசா வந்துவிட்டிருந்தது.

"இவங்க ஏதோ மெஷின் பாத்தேன்னு சொல்றாங்க," என்றார் டைரக்டர். "நீங்க ஏதாவது பாத்தீங்களா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க ரீ. நீங்களும் வந்தீங்களே. தொட்டீங்களே."

நான் பாஸ்போர்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல மேடம்" என்றேன்.

அவர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அன்றே வெளியேறினார். பையைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. புதன்கிழமை வந்தவர்கள் கைகுலுக்கிப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

என் பயணம் இரண்டு முறை தள்ளிப்போனது. மூன்றாவது முறை தேதி குறித்த வாரத்தில், அதே வாடிக்கையாளரின் ஆட்கள் சொல்லாமல் வந்து இறங்கினார்கள். அவர்கள் கையில் ஒரு டேப்பும், பதிவுத் தபாலில் வந்த நான்கு பக்கக் கடிதமும் இருந்தன. என்னைத் தனியாக உட்காரவைத்து, கடிதத்தில் இரண்டு வாக்கியத்தைப் படித்துக் காட்டினார்கள். ஒன்று: சோதனை செய்தவர் நேர்மையாகச் செய்தார், தவறைத் தானே போய்ச் சொன்னார், பொய்க் கோப்புகளில் உள்ள பெயர் அவருடையதென்றாலும் எழுதியது அவரல்ல. இரண்டு: என் முன்னிலையில் கேட்டபோது, தனக்கு ஞாபகம் இல்லை என்று அவர் சொன்னார்.

"இது சரியா?" என்று கேட்டார்கள்.

"ரெண்டும் சரி" என்றேன். அந்த இரண்டு சொல்லுக்கு எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

டைரக்டர் அந்த மாதமே வேலையைவிட்டுப் போனார். நிரலைத் திருத்தினார்கள். என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை. யாரும் என்னோடு சாப்பிட உட்காரவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் அவர் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். கேட் வரை வந்தார். உள்ளே கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்டேன். நடந்ததெல்லாம் சொன்னேன். கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டார்.

"முன்னாடியே இங்க ஏதோ ஆஸ்பத்திரிக்குச் சில பம்பு குடுத்தாங்கன்னு ஒரு பேச்சு இருந்துச்சே. டாக்டருங்க பாத்துச் சொல்றதுக்கு."

"ஆமா. ஆறு."

"பழைய புரோகிராமோடயா?"

"அப்படித்தான் இருக்கணும்."

"அந்த ஆறும் இப்ப எங்க இருக்கு?"

எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றியிருக்கவில்லை. அதைச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். மன்னிப்புக் கேட்டபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை. உள்ளே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டு பையோடு வந்தார். "ஆட்டோ புடிங்க" என்றார்.

அந்த வாரத்திலேயே ஐந்து கிடைத்தன. ஒன்று பெட்டி பிரிக்காமல் ஸ்டோரில் இருந்தது, நான்கு ஒரு அலமாரியில் பூட்டியிருந்தன. ஆறாவதைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்றது ஆஸ்பத்திரி. வரவே இல்லை என்றது கம்பெனி. இருவரிடமும் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தது. நான் இரண்டு மாதம் அவரோடு அலைந்தேன். பிறகு புனேயில் வேலை கிடைத்தது. உடைந்து போயிருக்கும், யாராவது குப்பையில் போட்டிருப்பார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் வேறொரு கம்பெனியில் சேர்ந்து, சனி ஞாயிறுகளில் தேடிக்கொண்டிருந்தார்.

ஐந்து வருடம் கழித்து ஒரு மத்தியானம் என் செல்போன் அடித்தது. எண் புதிது. குரல் அதேதான்.

"ஆறாவது கெடச்சிடுச்சு ரீ. கோலார் ரோட்ல ஒரு சின்ன நர்சிங் ஹோம். யாரோ டாக்டர் போகும்போது எடுத்துட்டுப் போயிருக்காரு."

"ஓடுதா?"

"ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் இப்ப நிறுத்தச் சொன்னேன். இந்தப் பக்கம் தெனம் நாலு தடவ கரண்ட் போவுதாம்."

"யாருக்காவது ஏதாவது..." என்று இழுத்தேன்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அஞ்சு வருஷத்து ரெஜிஸ்டர் முன்னாடி இருக்கு. ஒவ்வொரு பேரா பாத்துட்டு வர்றேன். முடிச்சிட்டு உங்களக் கூப்பிடவா?"

நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. எண் என் செல்போனில் பல நாள் இருந்தது. அவர் மறுபடி கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.